கைவேலைப் பாடத்தின் கதை: தக்ளியிலிருந்து டார்ச் லைட் வரை



இங்கிலாந்தில் குடும்பத்தோடு இருக்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "டீச்சர், என் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் துணி வெட்டிக் கைப்பொம்மை தைக்கச் சொல்கிறார்கள். அதற்கு டிசைன் அண்ட் டெக்னாலஜி என்று பெரிய பெயர் வேறு. இதெல்லாம் ஒரு பாடமா?"

பாடம்தான் என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையால் செய்யக் கற்றுக்கொடுப்பது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கதை. அதில் நம் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மாநிலத்துக்கு ஆழமான ஒரு காயமும் உண்டு. பொறுமையாகப் படியுங்கள். கதை முழுவதும் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன்: பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள்?

முதலில் ஜெர்மனி. ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் 1837இல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயர் வைத்தார். இன்று நம் ஊரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோமே, அந்த 'கே.ஜி.' அவர் வைத்த பெயர்தான். நூல் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம், எட்டாகப் பிரியும் கனசதுரம் என்று வரிசையாகப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். அவற்றுக்குப் 'பரிசுகள்' என்று பெயர். பேசத் தெரியாத பிள்ளைக்கும் கை வழியாக வடிவமும் எண்ணும் புரியும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் எல்லோரும் படித்த பெயர் இது.

அடுத்து பின்லாந்து. 1866இல் அங்கே தொடக்கக் கல்விக்கான சட்டம் வந்தபோது, யூனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் கைவேலை பள்ளிப் பாடமாயிற்று. அதற்கு 'ஸ்லாய்ட்' என்று பெயர். பக்கத்து நாடான ஸ்வீடனில் ஆட்டோ சாலமன் என்பவர் நாஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சியை அளித்தார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே போய்க் கற்றார்கள். அவருடைய முறையில் ஒரு மாதிரி வரிசை இருந்தது. முதலில் கத்தியால் சீவிச் செய்யும் எளிய பொருள், பிறகு படிப்படியாகக் கடினமானவை. வீட்டில் பயன்படுகிற பொருளாக இருக்க வேண்டும்; தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பிள்ளை செய்ய வேண்டும்; தச்சனை உருவாக்குவது நோக்கமல்ல, மனிதனை உருவாக்குவதே நோக்கம். மிக உயர்ந்த கொள்கைகள். ஆனால் என்ன செய்வது என்பதைப் பிள்ளை முடிவு செய்யவில்லை. வரிசையில் அடுத்து என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்ய வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் ஒரு கல்வி மாநாடு நடந்தது. காந்தியடிகள் தலைமை. ஏதாவது ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து, தாய்மொழியில், ஏழாண்டுக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் தர வேண்டும் என்பது அவருடைய திட்டம். விவரமான பாடத்திட்டம் எழுத ஒரு குழு அமைத்தார்கள். அதன் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன். பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். அந்தக் குழுவில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம். சாந்திநிகேதனில் தாகூரிடம் பணியாற்றியவர். பின்பு மனைவி ஆஷாதேவியோடு சேவாகிராமத்தில் இந்தக் கல்விக்காகவே வாழ்ந்தவர். மற்றவர் தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா. கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் கழித்தவர்.

அந்தக் குழு போட்ட கால அட்டவணையைப் பாருங்கள். பள்ளி நேரம் 5 மணி 30 நிமிடம். அதில் கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். சமூகவியலுக்கும் அறிவியலுக்கும் 30 நிமிடம். கணக்குக்கு இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். கணக்கு தக்ளிக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் யோசனை. இத்தனை நிமிடத்தில் இத்தனை கஜம் நூல் என்றால் ஒரு சிட்டத்துக்கு எவ்வளவு நேரம்? பஞ்சு எந்த மண்ணில் விளைகிறது? நெசவாளியின் வாழ்வு எப்படிச் சீரழிந்தது? இப்படி நூல் நூற்பதிலிருந்தே கணக்கு, புவியியல், வரலாறு எல்லாம் கிளைத்து வரும். இதைத்தான் நம் ஊரில் 'ஆதாரக் கல்வி' என்றார்கள்.

தமிழ்நாட்டில் இது வேரூன்றிய இடங்கள் உண்டு. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி.சு.அவினாசிலிங்கம் ஆதாரக் கல்வியில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டி அருகே தொடங்கிய காந்திகிராமம், இந்தக் கொள்கையில் எழுந்ததுதான். உங்கள் தாத்தா பாட்டி யாராவது 'ஆதாரப் பள்ளியில் படித்தேன்' என்று சொல்லியிருந்தால் அது இதுதான். தக்ளியைத் தொடையில் உருட்டிச் சுழலவிட்ட கதையை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு நல்ல திட்டம் ஏன் நிற்கவில்லை? ஜாகிர் உசேன் குழுவே தன் அறிக்கையில் ஓர் ஆபத்தைச் சொல்லி எச்சரித்திருந்தது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்பது திட்டத்தின் ஒரு பகுதி. அதில் வருமானம் முன்னே வந்து கல்வி பின்னே போய்விடக் கூடாது, பிள்ளைகளிடம் வேலை வாங்குவதே ஆசிரியரின் வேலையாகிவிடக் கூடாது என்று குழு கவலைப்பட்டது. பல இடங்களில் அந்தக் கவலைதான் உண்மையாயிற்று. நூற்ற நூலை அளந்து பதிவேட்டில் எழுதுவது எளிது. அந்தப் பிள்ளை நூற்கும்போது என்ன யோசித்தது என்பதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை. இங்கேயும் என் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். என்ன செய்வது என்று முடிவு செய்தது யார்? பள்ளி. பிள்ளை நூற்றது; அவ்வளவுதான்.

இனிச் சொல்லப் போவது அந்தக் காயத்தின் கதை.

1952இல் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சரானார். 1953-54 கல்வியாண்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் வந்தது. பள்ளி நேரம் 5 மணியிலிருந்து 3 மணியாகக் குறையும். ஒரே பள்ளி இரண்டு முறையாக இரண்டு கூட்டம் பிள்ளைகளுக்கு நடக்கும். மீதி நேரத்தில் பிள்ளை அப்பாவின் தொழிலைப் பார்த்துக் கற்க வேண்டும். பணம் இல்லாத அரசு, அதிகப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க இதுவே வழி என்பது அவர் தரப்பு வாதம். உழைப்பின் மேல் மதிப்பு வரும் என்றும் சொன்னார்கள்.

ஆனால் நம் ஊரில் அப்பாவின் தொழில் என்றால் என்ன பொருள்? செருப்புத் தைப்பவர் மகன் செருப்பு, வெளுப்பவர் மகன் துறை, சிரைப்பவர் மகன் கத்தி. சாதிதான் அது. பல தலைமுறைக்குப் பின் முதல் முறையாகப் பள்ளிப் படி ஏறிய பிள்ளையை, பாதி நாளில் திரும்பவும் அதே இடத்துக்கு அனுப்பும் திட்டம் அது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் சூட்டிப் பெரியார் எதிர்த்தார். தி.மு.க. 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. காங்கிரசுக்குள்ளேயே கடும் எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். பிறகு காமராஜர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகளும், மதிய உணவும் வந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தப் பள்ளிகள் இல்லையென்றால் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இன்று இருக்கும் இடத்தில் இருக்க மாட்டீர்கள். எழுதுகிற நானும்தான்.

அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் அதற்குப் பின் ஒன்று நடந்தது. பள்ளியில் கைவேலை என்றாலே பெற்றோருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'என் பிள்ளையைப் படிக்க அனுப்பினேன், வேலை செய்யவா அனுப்பினேன்?' என்ற கேள்வியை என் பணிக் காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் பெரும்பாலும் கையால் உழைத்துக் களைத்தவர்கள். அவர்கள் வலி எனக்குப் புரியும்.

பிறகும் கைவேலை வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருந்தது. 1964-66இல் கோத்தாரிக் கல்விக் குழு 'பணி அனுபவம்' என்றது. 1977இல் ஈசுவர்பாய் பட்டேல் குழு 'சமுதாயப் பயனுள்ள ஆக்கப் பணி' என்றது. கால அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கும். தேர்வு நெருங்கினால் அந்தக் கட்டத்தில் கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துவிடுவார். பெண் பிள்ளைகளுக்குத் தையல், ஆண் பிள்ளைகளுக்குத் தோட்ட வேலை என்று பல பள்ளிகளில் பிரித்தும் வைத்தோம். அங்கேயும் முடிவு பிள்ளையுடையது இல்லை. ஆணா பெண்ணா என்பதே முடிவு செய்தது.

இந்த இடத்தில்தான் என் மாணவர் கேட்ட இங்கிலாந்துக் கதை வருகிறது.

அங்கேயும் பழைய காலத்தில் இதே நிலைதான். பையன்களுக்கு மரவேலை, பெண்களுக்குச் சமையலும் தையலும். 1988இல் கல்விச் சீர்திருத்தச் சட்டம் வந்து தேசியப் பாடத்திட்டம் உருவானது. 1990 முதல் 5 வயதுப் பிள்ளையிலிருந்து எல்லோருக்கும் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' கட்டாயப் பாடம். மரம், துணி, உணவு, மின்சுற்று எல்லாம் ஆண், பெண் இருவருக்கும் பொது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பாடத்தை நான்கு படிகளாக வகுத்தார்கள். என்ன தேவை என்று கண்டுபிடிப்பது, அதற்கு ஒரு வடிவம் யோசிப்பது, திட்டமிட்டுச் செய்வது, செய்தது சரியா என்று பார்ப்பது. ஸ்லாய்டிலும் தக்ளியிலும் இருந்தது மூன்றாவது படி மட்டுமே. மற்ற மூன்றும் இப்போதுதான் பிள்ளையின் கைக்கு வந்தன.

உடனே எல்லாம் இனிதாக நடந்துவிடவில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு ரம்பம் பிடித்தே பழக்கமில்லை. நான்கு படிகளையும் தனித்தனியாக மதிப்பிட்டு எழுதுவதற்குள் தலை சுற்றியது. பாடம் தெளிவில்லை என்று விமர்சனங்கள் வந்தன. 1995இல் 'வடிவமைத்தல்', 'செய்தல்' என்று இரண்டாகச் சுருக்கினார்கள். 1998இல் வகுப்புவாரியாக ஒரு மாதிரித் திட்டம் வந்தது. இரண்டாம் வகுப்பில் வண்டி, கைப்பொம்மை. நான்காம் வகுப்பில் டார்ச் லைட். ஐந்தாம் வகுப்பில் ரொட்டி, இசைக்கருவி. ஆறாம் வகுப்பில் காலுக்குச் செருப்பு. டார்ச் என்றால் எல்லோரும் ஒரே டார்ச் செய்வதில்லை. யாருக்கு? இரவில் படிக்கும் தங்கைக்கா, தோட்டத்துக்குப் போகும் தாத்தாவுக்கா? தாத்தாவுக்கு என்றால் பிடி பெரிதாக இருக்க வேண்டும், சுவிட்ச் எளிதாக அழுந்த வேண்டும். இந்த யோசனைதான் பாடம்.

செருப்பைக் கவனித்தீர்களா? எந்தத் தொழிலைச் சொல்லி நம் ஊரில் ஒரு கூட்டத்தையே ஒதுக்கி வைத்தோமோ, அதை அந்தத் திட்டத்தில் எந்த வீட்டுப் பிள்ளையும் பள்ளியில் செய்து பார்த்தது. கால் அளவு எடுத்து, துணி தேர்ந்து, தைத்து, போட்டு நடந்து பார்த்தது. வேலை எல்லோருக்கும் பொதுவானால் அதில் இழிவு ஒட்டுவதில்லை.

அங்கே தொடக்கப் பள்ளிகளில் பரவிய எளிய முறை ஒன்று உண்டு. ஜிங்க்ஸ் முறை என்பார்கள். மெல்லிய சதுர மரக் குச்சிகளை அறுத்துச் சட்டம் அமைத்து, ஒவ்வொரு மூலையிலும் முக்கோணமாக வெட்டிய அட்டையைப் பசை தடவி ஒட்டுவது. ஆணி வேண்டாம், தச்சரின் திறமை வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை செய்த வண்டிச் சட்டம் ஆடாமல் நிற்கும். காரணம் அந்த முக்கோணம். நான்கு குச்சியைச் சதுரமாகக் கட்டினால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது.

இதே உண்மையை நம் நாட்டில் அரவிந்த் குப்தா வேறு விதமாகக் காட்டினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த இவர், 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். கிராமச் சந்தையில் கிடைத்த தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து முக்கோணம், சதுரம், வீடு எல்லாம் செய்து காட்டினார். பைசாச் செலவில் பாலங்களின் அறிவியல்! மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தார் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு பை, காற்றாலை, பொம்மை மூன்றையும் வடிவமைத்துச் செய்யவைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். செய்வதற்கு முன் பிள்ளைகள் போட்ட படங்களையும் கவனமாகப் பார்த்தார்கள். நம் மாநிலத்தில் 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், பின்பு மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, அட்டைகளைக் கையில் எடுக்கவைத்தது. அது பெரிய மாற்றம். ஆனால் 2016இல் வந்த அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு இன்னும் இந்தப் பாடம் என்று ஒன்று நம்மிடம் இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு கிராமப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். சத்துணவுத் தட்டுகளைக் கழுவி ஒன்றன்மேல் ஒன்றாக ஈரத்தோடு அடுக்குவதால் ஒரே வாடை. 'இதற்கு என்ன செய்யலாம்?' என்று நான்காம் வகுப்பில் கேட்டேன். தட்டு நிற்க ஒரு தாங்கி செய்யலாம் என்றார்கள். வேலியோரக் குச்சியும், பழைய சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையும் கொண்டுவந்தார்கள். கட்டினார்கள். பத்துத் தட்டு வைத்ததும் மொத்தமும் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மறுபடி கட்டினார்கள். மறுபடி சாய்ந்தது. அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெண் எழுந்து போய், ஒரு நீளக் குச்சியை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காகக் கட்டினாள். நின்றுவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்கப்பா சாரம் கட்டும்போது இப்பிடித்தான் டீச்சர் குறுக்குக் கம்பு போடுவாரு" என்றாள். அவள் அப்பா கட்டட வேலைக்குச் சாரம் கட்டுபவர்.

அன்று வகுப்பு முழுவதும் அவளிடம் கற்றுக்கொண்டது. எல்லாப் பிள்ளைகளும் குறுக்குக் குச்சி போட்டார்கள். அதற்குப் பிறகு முக்கோணம் நடத்தியபோது நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

1953 திட்டத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது. அந்தத் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அப்பாவின் தொழிலுக்கு அனுப்பியது. இங்கே அப்பாவின் தொழிலறிவு பள்ளிக்குள் வந்து எல்லோருக்கும் பொதுவாயிற்று. அந்தப் பெண் சாரம் கட்டப் போக வேண்டியதில்லை. ஆனால் அவள் அப்பாவுக்குத் தெரிந்தது அறிவு என்பதை வகுப்பே ஒத்துக்கொண்டது. குமரப்பாவும் ஆரியநாயகமும் விரும்பியதும் இதுதான் என்று நினைக்கிறேன். பெரியார் கேட்டதற்கும் இது விரோதமில்லை.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் 'ப்ராஜெக்ட்' கொடுக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு அம்மா தெர்மோகோல் வெட்டுகிறார், அப்பா ஃபெவிகால் ஒட்டுகிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. இல்லையென்றால் ஸ்டேஷனரிக் கடையிலேயே செய்து வைத்த எரிமலையும் சூரியக் குடும்பமும் கிடைக்கின்றன. தக்ளியிலாவது பிள்ளையின் விரல் இருந்தது. இதில் விரலும் இல்லை, யோசனையும் இல்லை.

தயவுசெய்து நீங்கள் செய்துகொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கேள்வி மட்டும் கேளுங்கள். இது யாருக்கு? எப்படி இருக்கும், படம் போட்டுக் காட்டு. எதை வைத்துச் செய்யப் போகிறாய்? செய்த பிறகு: இது சரியாக வேலை செய்கிறதா, இல்லையென்றால் எதை மாற்றுவாய்? கோணலாகத்தான் வரும். வரட்டும். நுங்கு வண்டி செய்த காலத்தில் நமக்கும் முதல் வண்டி ஓடவில்லை. அச்சுக் குச்சி ஒடிந்தது. வேறு குச்சி தேடினோம். கவைக் கம்பின் நீளத்தை நம் உயரத்துக்குத் தக்கபடி வெட்டிக்கொண்டோம். யாரும் மார்க் போடவில்லை. ஆனால் சக்கரமும் அச்சும் நமக்கு அன்றே தெரிந்துவிட்டன.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். குச்சி, அட்டை, பழைய டியூப், ஊசி நூல் போதும். ஆண், பெண் என்று பிரிக்காதீர்கள். எந்தத் தொழில் செய்பவரின் பிள்ளையாக இருந்தாலும் அந்தத் தொழிலின் நுட்பத்தை மரியாதையோடு வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். வகுப்பு முழுவதும் ஒரே மாதிரி நாற்பது பொருள் வந்தால் அது உங்கள் வடிவமைப்பு. நாற்பதும் வேறு வேறாக வந்தால்தான் அது பிள்ளைகளுடையது.

ஆதாரப் பள்ளியில் தக்ளி நூற்றவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். அடுத்த பதிவில் அவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்